வழுவும் வழுவமைதியும்: கணினி விளையாட்டுக்கள் குறையோடு வெளிவருவது ஏன்?

பத்தாந் தரத்து மாணவர்க்கு இலக்கணம் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் மூன்றனையும் விளக்கி முடித்து, ஐயமுள்ளோர் வினவலாம் என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், கைப்பேசி விளையாட்டிலே வருகிற பிழையையும் வழு என்றுதானே சொல்லுகிறார்கள்? அந்த வழுவுக்கும் அமைதி உண்டா?" என்றான். வகுப்பு நகைத்தது, யானும் நகைத்தேன். அவன் மட்டும் நகைக்கவில்லை.

காரணம் பின்னரே தெரிந்தது. அவன் தோட்டத்து லயமொன்றிலிருந்து மலையிறங்கி வருபவன். கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்யும் தமையன், தம்பியின் படிப்பிற்கென்று பழைய கைப்பேசி ஒன்றைக் கொடுத்து, மாதந்தோறும் அதற்கு டேட்டாவும் போட்டு வந்தான். பரீட்சை அண்மித்த அம்மாதத்தில் கணித வினாத்தாள்களை இறக்கிக்கொள்வதற்காக வைத்திருந்த டேட்டா முழுவதையும், அவன் ஆடிவந்த விளையாட்டொன்றின் திருத்தப் பதிப்பு ஓரிரவிலே விழுங்கிவிட்டது. திருத்தத்தை ஏற்றாவிடின் விளையாட்டுத் திறவாது. ஏற்றிய பின்னரோ பழைய குறை நீங்கிப் புதியதொரு குறை முளைத்தது. படிப்பிற்குத் தந்த கைப்பேசியில் விளையாடியது தன் தவறே என்பதை அவன் ஒப்புக்கொண்டான். "ஆனால் பிழையாகச் செய்தவர்கள் அவர்கள், சேர். திருத்துகிற செலவு மட்டும் எங்களுக்கு ஏன்?" என்று கேட்டான்.

"செய்தவர் கவனமின்றிச் செய்திருப்பர்" என்று சொல்லி அன்று யான் பாடத்தை முடித்துவிட்டேன். சில வாரங்களின் பின், விழா அலுவலாகக் கல்லூரிக்கு வந்த பழைய மாணவர் ஒருவரிடம் இதனைக் கூறினேன். அவர் கொழும்பில் மென்பொருள் சோதிக்கும் பணியில் உள்ளவர். "கவனமின்மை அன்று, சேர், கவனித்தும் விடுவதுண்டு, கவனிக்கவே இயலாததும் உண்டு" என்று அவர் விளக்கத் தொடங்கியபோதுதான், அன்று யான் மாணவனுக்குக் கூறியதே ஒரு விடைவழு என்பதை உணர்ந்தேன். ஆதலின் இக்கட்டுரை அவ்விடைக்கு யான் எழுதும் பிழைதிருத்தம் எனக் கொள்க.

வழு என்னுஞ் சொல்

திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழும் தத்தம் நெறியினின்றும் பிறழுமாயின் அது வழு என்பது நாம் கற்றது. பிறழாது நிற்பது வழாநிலை. பிறழ்ந்திருந்தும் தக்கதொரு காரணம் பற்றிச் சான்றோரால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. கொழுந்து மலையிலிருந்து திரும்பிய தாய் தன் மகளைத் தூக்கி, "வாடா என் ராசா" என்கின்றாள். பெண்ணை ஆணாக விளித்தமையின் இது பால்வழுவே. எனினும் உவகை அதற்குக் காரணமாதலின் இலக்கணம் அதனைத் தண்டிப்பதில்லை. காரணமின்றி அமைதியில்லை என்பதை மட்டும் ஈண்டு நினைவிற் கொள்க.

கணினித் துறைக்குத் தமிழிற் கலைச்சொல் ஆக்கியோர், நிரலிலே நேரும் பிழைக்கு வழு என்னும் இப்பழஞ்சொல்லையே இட்டனர். ஆங்கிலத்திலோ அதற்குப் பூச்சி என்பது பெயர். 1947 செப்ரெம்பர் 9ஆம் நாள், ஹாவார்ட் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய மார்க் 2 என்னுங் கணிபொறியின் உறுப்பொன்றிலே விட்டிற்பூச்சி ஒன்று அகப்பட்டிருக்கக் கண்டனர். அதனை எடுத்து நாட்குறிப்பிலே ஒட்டியும் வைத்தனர். ஆயினும் பூச்சி என்னும் வழக்கு அதனினும் பழையது. மின்விளக்காற் புகழ்பெற்ற எடிசன் 1878ஆம் ஆண்டிலேயே தம் கருவிகளின் சிறு கோளாறுகளை அப்பெயரால் வழங்கினார். பூச்சி வெளியிலிருந்து வந்து புகுவது. வழுவோ செய்தவனிடத்தே பிறப்பது. நம் சொல்லே பொருட்குப் பொருந்துவது என்பது என் கருத்து.

எண்ணில் அடங்காமை

விளையாட்டு நிரல் என்பது கணினிக்கு இடும் கட்டளைகளின் கோவை. அதன்கண் "இன்னது நிகழ்ந்தால் இது செய், அன்றேல் அது செய்" என்னுங் கிளைவழிகள் பல உள. இத்தகைய கிளை ஒன்றாயின் வழி இரண்டு, இரண்டாயின் நான்கு, பத்தாயின் 1,024, இருபதாயின் 1,048,576. முப்பதாயின் அத்தொகை 107 கோடியைத் தாண்டும். நொடிக்கு ஒரு வழியாக இரவு பகல் ஓயாது சோதிப்பினும், அம்முப்பது கிளைகளையும் முற்றச் சோதிக்க 34 ஆண்டுகள் வேண்டும். ஒரு பெரிய விளையாட்டிலோ இத்தகைய கிளைகள் முப்பதல்ல, பல்லாயிரம்.

இவ்விடத்தே நம் மலைநாட்டார்க்கு ஓர் ஐயம் எழலாம். தேயிலையைச் சுவைத்துத் தரங்காண்போர் மூட்டை மூட்டையாகவா குடித்துப் பார்க்கின்றனர்? ஒரு சிட்டிகை போதாதா? தேயிலைக்குப் போதும். ஏனெனில் ஒரு தொகுதித் தேயிலை ஒன்றாகக் கலக்கப்பட்டு ஒரு தன்மைத்தாய் நிற்பது. ஒரு பிடியின் சுவையே மறு பிடியின் சுவை. நிரல் அத்தன்மைத்தன்று. ஆயிரம் வரி செம்மையாய் இருப்பது ஆயிரத்தோராவது வரி செம்மையானது என்பதற்குச் சான்றாகாது. சோதனையால் வழு உண்டென்று காட்டலாமேயன்றி இல்லையென்று நிறுவவியலாது என்னும் உண்மையை, ஒல்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா பன்முறை வற்புறுத்தினார்.

இன்னுமொரு கணக்குக் காண்பாம். நூறு பேர் நாளொன்றுக்கு 8 மணி நேரமாக 200 நாள் ஒரு விளையாட்டைச் சோதிக்கின்றனர் எனக் கொள்வோம். மொத்தம் 160,000 மணி நேரம். வெளியிட்ட முதல் நாளிலே பத்து இலட்சம் பேர் ஆளுக்கு ஒரு மணி நேரம் விளையாடினால் அது 1,000,000 மணி நேரமாகும். சோதிப்போர் ஓர் ஆண்டு முழுதும் தேடியதினும் ஆறு மடங்கு தேட்டம் ஒரே நாளில் நிகழ்ந்துவிடுகின்றது. அவர் காணாததை இவர் காண்பதில் வியப்பென்னை?

1980ஆம் ஆண்டு யப்பானில் வெளிவந்த பாக்மன் என்னும் விளையாட்டு இதற்குத் தக்க சான்று. அதன் கட்டங்களை எண்ணும் எண் 255இற்கு மேற் செல்லவியலாத சிற்றிடத்திலே வைக்கப்பட்டிருந்தது. 256ஆவது கட்டத்தை எட்டியவுடன் கணக்குப் பிறழ்ந்து, திரையின் வலப்பாதி முழுவதும் பொருளற்ற குறிகளாய்ச் சிதறிவிடும். அத்துணைத் தூரம் ஒருவர் ஆடுவார் என்று அன்று செய்தவர் கருதவில்லை. இது காணாத வழு. இதன்பொருட்டு ஒருவரைக் குற்றவாளியாக்குதல் முறையன்று.

நாள் குறித்தல்

காலவழுவமைதியை விளக்குங்கால் யான் ஓர் உதாரணங் கூறுவதுண்டு. பஸ் வண்டிக்கு நேரமாயிற்று என்று தோழன் வாயிலில் நின்று கூவுகின்றான். உள்ளே சோற்றிற் கைவைத்தவன், "இதோ வந்துவிட்டேன்!" என்கின்றான். அவன் இன்னும் வரவில்லை. எதிர்காலத்தை இறந்தகாலமாகக் கூறினான். விரைவு காரணமாக இலக்கணம் இதனை ஏற்கின்றது. கணினி விளையாட்டை விற்போரும் இவ்வாறே கூறுகின்றனர். வேறுபாடு யாதெனின், தோழன் காசு கொடுத்திருக்கவில்லை.

1982இல் அமெரிக்காவிலே ஈ.ரி. என்னுந் திரைப்படம் பெரும்புகழ் எய்தியது. அதனைத் தழுவி ஒரு விளையாட்டுச் செய்யும் உரிமையை அட்டாரி நிறுவனம் அவ்வாண்டின் யூலை மாத இறுதியிற் பெற்றது. நத்தார்ப் பண்டிகைக்குக் கடைகளில் இருந்தாகல் வேண்டும். ஆதலின் நிரல் எழுதிய வார்ஷோ என்பார்க்குக் கிடைத்தது ஏறத்தாழ ஐந்து கிழமையே. வெளிவந்த விளையாட்டிலே வீரன் குழிக்குள் வீழ்ந்து வீழ்ந்து எழுவதே தொழிலாயிற்று. விற்காது தேங்கிய பிரதிகள் பலவற்றை, வேறு சரக்குகளோடு சேர்த்து, 1983இல் நியூ மெக்சிக்கோப் பாலைநிலத்தில் புதைத்தனர். 2014இல் அவ்விடத்தை அகழ்ந்தோர் அவற்றைக் கண்டெடுத்தனர்.

ஆட்களைக் கூட்டினால் விரைந்து முடியாதோ என்பார்க்கு, ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய புறூக்ஸ் என்பார் 1975இல் தம் நூலிலே விடை கூறினார். பிந்திய பணியிலே புதிதாக ஆட்களைச் சேர்ப்பின் அது மேலும் பிந்தும் என்பது அவர் கண்ட முடிபு. வந்தவர்க்குக் கற்பிக்கவே இருந்தவர் நேரம் செல்லும். தொழிற்சாலை கண்ட நமக்கு இது புதிதன்று. கொழுந்து பறிக்க ஆள் கூட்டலாம். பறித்த கொழுந்து தட்டிலே வாடுவதற்குரிய மணி நேரத்தை ஆள் கூட்டிக் குறைக்கவியலாது. வாடாததை உருட்டினாற் சாயமுங் கெடும், மணமுங் கெடும்.

அண்மைக் காலத்துப் பெருஞ்சான்று, போலந்து நாட்டுச் சி.டி. புரொஜெக்ட் நிறுவனத்தாரின் சைபர்பங்க் 2077. 2012இல் அறிவிக்கப்பட்ட அவ்விளையாட்டுக்கு 2020 ஏப்பிரல் 16 என முதலில் நாள் குறித்தனர். பின்னர் செப்ரெம்பர் 17 என்றனர். பின்னர் நவெம்பர் 19 என்றனர். ஒக்ரோபர் தொடக்கத்திலே மூலப்பிரதி முடிந்துவிட்டது என்று அறிவித்தனர். அம்மாத இறுதியிலே மீண்டும் நாள் தள்ளி, டிசெம்பர் 10இல் வெளியிட்டனர். "இதோ வந்துவிட்டேன்" என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

வெளிவந்தது புதிய பொறிகளில் ஓரளவு நன்றாகவே ஓடிற்று. பழைய பொறி வைத்திருந்தோர்க்கோ படம் மங்கிற்று. ஆட்டம் இடையிடையே நின்றது. முன்கூட்டி மதிப்புரை எழுதுவோர்க்குக் கணினியில் ஆடும் பிரதி மட்டுமே தரப்பட்டிருந்தது. பழைய பொறிகளில் அது எவ்வாறு ஓடும் என்பது வாங்கும்வரை எவர்க்கும் காட்டப்படவில்லை. அவ்வாறு காட்டாமைக்காக நிறுவனத்தார் சில நாட்களிலேயே மன்னிப்புக் கேட்டனர். டிசெம்பர் 17இல் சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து அதனை நீக்கியது. 2021 யூன் மாதத்திலேதான் மீண்டுஞ் சேர்த்தது. ஆயினும், டிசெம்பர் 20 வரையில் 1 கோடி 30 இலட்சம் பிரதிகள் விற்றன என்பதையும் நாம் மறைத்தலாகாது. குறையோடு வெளியிடுவோர் எதனை நம்பி வெளியிடுகின்றனர் என்பது இவ்வெண்ணால் விளங்கும்.

திருத்தம் எளிதானமை

நாவலர் பெருமான் 1849இல் சென்னை சென்று அச்சுப்பொறி வாங்கிவந்து வண்ணார்பண்ணையிலே நூல்கள் பதிப்பித்தார். அக்காலத்தில் எழுத்து எழுத்தாகக் கோத்து அச்சிடுவர். பிழையோடு ஏறிய தாள் ஆயிரம் பிரதியிலும் பிழையோடேயே நிற்கும். அச்சமே கவனத்திற்குத் தாயாயிற்று. பழைய விளையாட்டுக்களும் இவ்வாறே. அவை பேழைகளில் அடைத்து விற்கப்பட்டன. விற்றபின் திருத்த வழியில்லை.

இணையம் வந்தபின் இந்நிலை மாறியது. பிழையைப் பின்னர் அனுப்பித் திருத்தலாம் என்றாயிற்று. இது பெருநன்மை என்பதில் ஐயமில்லை. பாக்மன் இன்று செய்யப்பட்டிருப்பின் 256ஆங் கட்டம் ஒரு கிழமையிற் செம்மைப்பட்டிருக்கும். ஆயினும் நன்மையோடு ஒரு சோம்பலும் உடன்பிறந்தது. "பிறகு திருத்திக்கொள்ளலாம்" என்பது அவசரத்துக்கு மருந்தாக இருந்து, நாளடைவில் அன்றாட உணவாகிவிட்டது. வெளியிட்ட நாளன்றே பெருந்திருத்தம் ஒன்று இறக்கப்படுவது இன்று வழக்கம்.

இத்திருத்தங்களின் செலவு எவரைச் சார்கின்றது? செய்தவர் ஒருமுறை அனுப்புகின்றார். இலட்சம் பேர் இலட்சம் முறை இறக்குகின்றனர். கம்பி வழி இணையம் குறையாது பாயும் நகரத்து வீட்டார்க்கு இது தெரிவதேயில்லை. அட்டன் மலைச்சரிவிலே ஒரு மூலையில் நின்றால் மட்டும் சமிக்ஞை கிடைக்க, அளந்து வாங்கிய டேட்டாவை அளந்து செலவிடும் வீட்டிற்கோ அது ஒரு மாதப் படிப்பு.

சோதிக்கப்படாத இடம்

ஈண்டு நாம் கருப்பொருளை அணுகிவிட்டோம். எல்லாவற்றையுஞ் சோதிக்கவியலாது என்றால், எதனைச் சோதிப்பது என்று ஒருவர் தெரிந்தெடுத்தல் வேண்டும். தெரிந்தெடுப்பவர் தம் மனக்கண்ணில் தோன்றும் மாந்தரை எண்ணியே தெரிந்தெடுப்பர். ஆதலின் வழு எஞ்சி நிற்கும் இடம் பெரும்பாலும் அவர் நினையாத மாந்தர் வாழும் இடமாகின்றது.

2018 பெப்ரவரியிலே ஒரு செய்தி எழுந்தது. ஐபோன்களுக்குத் தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்றை எவரேனும் அனுப்பினால், அதனைக் காட்ட முற்பட்ட செயலி உடனே நின்றுவிடும். அம்மாதமே ஆப்பிள் நிறுவனம் திருத்தம் அனுப்பியது. கோடிக்கணக்கானோர் நாள்தோறும் எழுதும் மொழி தெலுங்கு. அதன் எழுத்தொன்றே ஒரு செயலியைச் சாய்க்கும் என்பது வெளியிடுமுன் எவர் கண்ணிலும் படவில்லை. சைபர்பங்க் விளையாட்டிலும் துன்புற்றோர் பழைய பொறி வைத்திருந்தோரே. 2023 செப்ரெம்பரில் வந்து பலரும் போற்றிய அதன் பெருந்திருத்தமும் அப்பழைய பொறிகளுக்குத் தரப்படவில்லை. நம் மாணவனுடைய பழைய கைப்பேசியும் அளந்த டேட்டாவும், அவன் ஆடிய விளையாட்டைச் செய்தவரின் மனக்கண்ணில் ஒருபோதும் தோன்றியிரா.

அமைதி எது, பொய் எது

கந்தபுராணம் காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேறியபோது, முதலடியின் புணர்ச்சிக்கே விதியில்லை என்று அவையிலொருவர் தடுத்தார் என்பதும், மறுநாள் வீரசோழியத்திலிருந்து அதற்கு விதி காட்டப்பட்டது என்பதும் வழிவழி வரும் வரலாறு. நம் முன்னோர் நூலை வெளியிடும் முறை அது. குறை காண்பார் முன்னிலையிலே வைத்து, வினாவுக்கு விடை கூறி, அதன்பின்னரே உலகிற்கு ஈந்தனர். குறையென்று தோன்றியது குறையன்று என நிறுவுதற்கும் அவ்வவையே இடமாயிற்று.

கணினி விளையாட்டிலும் மெய்யான வழுவமைதி உண்டு. 1978இல் நிஷிகாடோ என்பார் இயற்றிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டிலே பகைவர் வரிசையாக இறங்கி வருவர். அவர் தொகை மிகுதியாக இருக்கையில், பொறி வலுவற்றதாகையால், மெல்ல நகர்ந்தனர். சுடச்சுடத் தொகை குறைந்து நடை விரைந்தது. இது பொறியின் குறை. ஆயின் அதனால் ஆட்டம் சுவைபெறக் கண்ட ஆசிரியர் அறிந்தே அதனை விட்டுவைத்தார். காரணமுடைய இதனை அமைதி என்பது தகும்.

ஆகவே மாணவன் கேட்ட வினாவுக்கு விடை மூவகைப்படும். எவரும் காணவியலாத வழு ஒன்று; அதனைப் பொறுத்தல் வேண்டும். கண்டு, காரணம் பற்றி விட்டு, "இன்ன குறை உண்டு, இன்ன நாளில் திருத்துவோம், திருத்தத்தின் அளவு இவ்வளவு" என்று வாங்குவோர்க்கு முன்னரே சொல்லப்பட்டது ஒன்று, அதற்கு அமைதி உண்டு. கண்டும் மறைத்து விற்றது ஒன்று. அதற்கு இலக்கண நூலிலே பெயரில்லை. அற நூலிலே உண்டு. பொய் என்பது அதன் பெயர்.

முடிவுரை

இவ்விடையை அம்மாணவனை அழைத்துக் கூறினேன். அத்துடன் ஒரு பயிற்சியும் கொடுத்தேன். விளையாட்டில் வழு கண்டால் மூன்று செய்திகளை ஒழுங்காக எழுதவேண்டும்: யான் செய்தது யாது, நிகழ்ந்தது யாது, நிகழ்ந்திருக்க வேண்டியது யாது. கைப்பேசியின் வகையையும் குறிக்க வேண்டும். சினச் சொல் ஒன்றேனும் வரலாகாது. அவன் மூன்று முறை எழுதித் திருத்தி, நான்காம் முறை ஆங்கிலப் பாட ஆசிரியர் துணையோடு மொழிபெயர்த்து, விளையாட்டைச் செய்தோர்க்கு அனுப்பினான். மறுமொழி இன்னும் வரவில்லை. ஆயினும் யான் கற்பித்த கட்டுரைப் பயிற்சிகளுள் அவன் மனமுவந்து செய்தது அதுவொன்றே.

பழைய மாணவ அன்பர்களே! உங்களுட் சிலர் கொழும்பிலும் கடல் கடந்தும் மென்பொருள் இயற்றும் மனைகளிற் பணிபுரிகின்றீர்கள். உங்கள் சோதனை மேசையிலே புத்தம்புதிய கைப்பேசிகள் வரிசையாய் இருக்கும். அவற்றருகே ஒரு பழைய கைப்பேசியையும் வையுங்கள். அதில் மலைநாட்டுச் சமிக்ஞை போலவே இணைப்பை மெலிவித்து, டேட்டாவையும் அளந்து வைத்து, நீங்கள் செய்ததை ஒருமுறை அதில் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் படித்த இதே வகுப்பறையின் பின்வரிசையிலே இருக்கும் ஒருவன் உங்கள் மனக்கண்ணிலே தோன்ற அதுவே போதும்.

இக்கட்டுரையிலும் இம்மலரிலும் அச்சுப் பிழைகள் எஞ்சியிருத்தல் கூடும். அவை நாம் காணாதவை. கண்டு மறைத்தவை அல்ல. கண்டோர் எழுதித் தெரிவிப்பின் நன்றியுடன் திருத்திக்கொள்வோம்.